வீல்சேரில் இருப்பதை ரெஸ்யூமில் போடலாமா?

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு தம்பி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 26. கல்லூரி மூன்றாம் ஆண்டில் பைக் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் அடிபட்டது. தோளும் முழங்கையும் வேலை செய்கின்றன, மணிக்கட்டைத் தூக்க முடிகிறது, விரல்களில் மட்டும் பிடி கிடையாது. நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. உள்ளங்கையில் கட்டிய பட்டையில் ஒரு குச்சியைச் செருகி எழுத்து எழுத்தாகத் தட்டுவதால், நிமிடத்துக்குப் பதினைந்து வார்த்தை வந்தால் அதிகம். அப்படியே விட்டுப்போன பேப்பர்களை எழுதி பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறார், பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் படித்திருக்கிறார், மாமாவின் விதைக்கடைக்கு இருப்புக் கணக்குப் பார்க்க ஒரு செயலியும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடையில் இன்றும் அதில்தான் கணக்கு ஓடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யுடிஐடி அடையாள அட்டையில் ஊனம் 90 சதவீதம் என்று இருக்கிறது.

ஒன்றரை வருடத்தில் எழுபது இடங்களுக்கு விண்ணப்பித்து, இரண்டில்தான் கூப்பிட்டார்கள். ஒன்றில் ஆன்லைன் தேர்வு, 60 நிமிடத்தில் மூன்று கணக்கு. மூன்றாவதற்கு விடை மனதில் இருந்தும் தட்டி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. இன்னொன்றில் போனில் இரண்டு சுற்று நன்றாகப் போய், கடைசிச் சுற்று வீடியோவில் நடந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்த எச்.ஆர்., "எங்க ஆபீஸ் ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, நீங்க எப்படி வருவீங்க?" என்று கேட்டிருக்கிறார். அதோடு சரி, பதிலே இல்லை. இதற்கு நடுவே 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி' விளம்பரத்தை நம்பி 4,500 ரூபாய் கட்டி ஏமாந்து, இப்போது வாட்ஸ்அப்பில் 28,000 ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது.

அவருடைய கேள்விகள்: உடல்நிலையைச் சொல்லி விண்ணப்பிப்பதா, மறைத்துச் சேர்வதா? தனியார் கம்பெனியிலும் 4 சதவீத ஒதுக்கீடு உண்டுதானே, அந்தக் கம்பெனி மேல் கேஸ் போடலாமா? 'பேசாமல் அரசு வேலைக்குப் படி' என்று அம்மா சொல்கிறார், ஐடி வேலைக்கு ஆசைப்படுவது தப்பா?

தம்பி, உங்கள் கடிதத்தில் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்த விஷயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதனால்தான் நீங்கள் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த நோட்டீஸுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மதுரையில் 18 வருடமாக வக்கீலாக இருக்கிறேன், இதே வாசகங்களோடு இதே மாதிரி நோட்டீஸை எடுத்துக்கொண்டு வருடத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாதவர்களாகப் பார்த்துத்தான் வலை விரிக்கிறார்கள். முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் படிக்கவே முடியாத ஸ்கேன் பக்கங்கள், கடைசியில் 'துல்லியம் 98 சதவீதத்துக்குக் குறைந்துவிட்டது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்' என்று மிரட்டல். ஒப்பந்தத்தை மீறினார் என்பது சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் வீட்டுக்கு வந்து கைது செய்யாது. ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கோர்ட்டு தராது, இவர்கள் கோர்ட்டுக்கே போக மாட்டார்கள். பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அந்த நோட்டீஸ் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். கட்டிய 4,500 திரும்ப வரும் என்று சொல்ல மாட்டேன், நாள் ஆகிவிட்டது. மிரட்டல் நிற்கும். என்றாவது உண்மையிலேயே கோர்ட்டு சம்மன் கையில் கிடைத்தால் மட்டும் அதை அலட்சியம் செய்யாமல் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். இனி எந்த வேலைக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

தனியார் கம்பெனியில் 4 சதவீதம் கிடையாது, ஆனால்...

நீங்கள் நினைப்பது போல 4 சதவீத ஒதுக்கீடு தனியாருக்கு இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அதை அரசு வேலைக்கு மட்டும்தான் கட்டாயமாக்கியிருக்கிறது, அதில் உங்களைப் போன்ற கை கால் இயக்கப் பாதிப்பு உள்ளவர்களுக்கு 1 சதவீதம். தனியாரைப் பொறுத்தவரை, 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைப்பவர்களுக்கு அரசு ஊக்கம் தரவேண்டும் என்கிற அளவோடு சட்டம் நின்றுவிடுகிறது. இது எனக்கும் வருத்தம்தான்.

அதனால் சட்டம் தனியாரை அப்படியே விட்டுவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. பிரிவு 3 பாகுபாட்டைத் தடுக்கிறது. பாகுபாடு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே, ஒருவருக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்துதர மறுப்பதும் சேர்கிறது. நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால்தான் மறுக்கலாம். பிரிவு 21-இன்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும், 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால் எந்தெந்தப் பணிகள் பொருத்தமானவை, என்னென்ன வசதி உண்டு என்று அதில் எழுத வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு தொடர்பு அதிகாரியையும் போட வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், திரும்பவும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

இதை நீங்கள் பயன்படுத்த வேண்டிய இடம் கோர்ட்டுக்கு ரொம்ப முன்னால் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பு அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் சமவாய்ப்புக் கொள்கை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதில் தொடர்பு அதிகாரியின் மின்னஞ்சலும் இருக்கலாம், எச்.ஆருக்கு அனுப்பும் விண்ணப்பத்தின் நகலை அவருக்கும் அனுப்புங்கள். எழுபது இடத்துக்கு ஒரே ரெஸ்யூமை அனுப்புவதைவிட இப்படி ஏழு இடம் தேடி அனுப்புவது மேல்.

சொல்வதா, மறைப்பதா

ரெஸ்யூமில் ஊனத்தைக் குறிப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குறிப்பிடாமல் விட்டதற்காக யாரும் உங்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. வேலை உறுதியான பிறகு உடல்நிலை பற்றிய படிவம் தந்தால் அதில் மட்டும் பொய் எழுதாதீர்கள், பின்னால் அதைச் சாக்காக வைத்து வெளியே அனுப்புவார்கள்.

என் யோசனை இது. ரெஸ்யூமில் படிப்பு, விதைக்கடைச் செயலி, நீங்கள் எழுதிய நிரல்களின் இணைப்பு, இவை போதும். (அந்தச் செயலியை ஏன் கடிதத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்? ஒரு கடை தினமும் அதை வைத்து வியாபாரம் செய்கிறது. எத்தனை வகை விதை, எத்தனை மாதமாக ஓடுகிறது, என்ன தகராறு வந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ரெஸ்யூமில் நாலு வரி எழுதுங்கள்.) தேர்வுக்கோ இன்டர்வியூவுக்கோ அழைப்பு வந்த அன்றே, அவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளும் முன்பு நீங்களே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வீடியோவில் திடீரென்று நாற்காலியைப் பார்க்கிறவருக்கு என்ன கேட்பது என்று தெரியாமல் வாயில் வந்ததைக் கேட்கிறார். முன்கூட்டியே கடிதம் போயிருந்தால் யோசிக்க அவருக்கு இரண்டு நாள் கிடைத்திருக்கும், மாடிப்படிப் பேச்சுக்கு நீங்களும் பதிலைக் கையில் வைத்திருப்பீர்கள்.

ஆனால் சொல்லும்போது நோயை விவரிக்காதீர்கள், தேவையை மட்டும் சொல்லுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் போட வேண்டும், படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இதையெல்லாம் எப்படி எச்.ஆரிடம் சொல்வது என்று எழுதியிருந்தீர்களே, சொல்லவே வேண்டாம். அது உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும் இடையிலான விஷயம். நிறுவனத்துக்குத் தெரியவேண்டியது இவ்வளவுதான்: வீல்சேர் நுழையும் கழிப்பறை, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேர இடைவெளி, உயரம் மாற்றக்கூடிய மேசை, வாரத்தில் சில நாள் அல்லது முழுவதும் வீட்டிலிருந்து வேலை. கழுத்துத் தண்டுவடம் பற்றி ஒரு பக்கம் படித்தவர் பயந்துவிடுகிறார், இத்தனை அங்குலக் கதவு வேண்டும் என்று படித்தவர் அளவுநாடாவை எடுக்கிறார்.

இதை நான் நேரில் பார்த்ததால் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு பெண், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, வீல்சேர். கேட்டால் வேலைக்கே ஆபத்து என்று பயந்து ஆறு மாதம் எதுவும் கேட்காமல் இருந்திருக்கிறார். அலுவலகக் கழிப்பறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும், நாற்காலியோடு நுழைந்தால் கதவைச் சாத்த முடியாது. அதனால் காலை ஏழு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டார், மேசையில் பாட்டில் நிறைந்தபடியே இருக்கும். சிறுநீர்த் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டு என்னிடம் வந்தார். மூன்றே வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். ஒரு தச்சர் வந்து கீலை மாற்றிக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி செய்துவிட்டுப் போனார், ஒரு மதிய வேலை. கேட்டால் எல்லாரும் செய்துவிடுவார்கள் என்று இல்லை, மறுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்டதற்கு எழுத்தில் அத்தாட்சி இருந்தால்தான் மறுத்தார்கள் என்று நான் எங்கேயாவது போய்ச் சொல்ல முடியும்.

அந்த 60 நிமிடத் தேர்வு

நீங்கள் தோற்றது கணக்கில் இல்லை என்று உங்களுக்கே தெரியும். கூடுதல் நேரம் கேட்டீர்களா என்று கடிதத்தில் தேடினேன், இல்லை. அரசுத் தேர்வுகளில் உங்களைப் போன்றவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தரவேண்டும் என்று மத்திய அரசு 2018-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில், கை எழுத வராத ஒரு யு.பி.எஸ்.சி. தேர்வருக்கு, சொல்லச் சொல்ல எழுதித்தரும் எழுத்தர் ஒருவரை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று சொன்ன உச்ச நீதிமன்றம், நியாயமான வசதி என்பது சமத்துவத்தின் ஒரு பகுதி என்று விரிவாக எழுதியது. இவை தனியார் நிறுவனத்தின் தேர்வை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் எவ்வளவு நேரம் கேட்பது நியாயம் என்பதற்கு நாட்டில் ஏற்கெனவே ஓர் அளவு இருக்கிறது, அதையே காட்டிக் கேளுங்கள்.

கேமரா வைத்துக் கண்காணிக்கும் தேர்வு என்றால் இன்னும் இரண்டு விஷயம் முன்கூட்டியே எழுத வேண்டும். குரல்வழித் தட்டச்சு பயன்படுத்தினால் பக்கத்தில் யாரிடமோ பேசுகிறீர்கள் என்று அந்த மென்பொருள் குறித்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை உடம்பின் அழுத்தத்தைக் குறைக்க முன்னால் சாய்கிறீர்களே, அப்போது முகம் திரையிலிருந்து மறையும், அதையும் சந்தேகமாகப் பதிவு செய்யும். கடிதம் இப்படி இருக்கட்டும்: "கைகளில் இயக்கக் குறைபாடு உண்டு, துணைக்கருவியால் தட்டச்சு செய்கிறேன். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் குரல்வழித் தட்டச்சுக்கு அனுமதியும் வேண்டும். உடல் காரணத்தால் அவ்வப்போது கேமராவிலிருந்து சில விநாடி விலக நேரும். யுடிஐடி அட்டையின் நகல் இணைத்துள்ளேன்." அட்டையில் 90 சதவீதம் என்று இருப்பதைப் பார்த்து மிரள்வார்களோ என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அந்த எண் சலுகைகளுக்காக மருத்துவர்கள் உடம்பை அளந்து போட்டது. 'வேலை செய்யும் திறன் பத்து சதவீதம்' என்று யாராவது அதைப் படித்தால் அது தவறான வாசிப்பு என்று நேராகவே சொல்லிவிடலாம்.

குரல்வழித் தட்டச்சு என்றதும் ஒன்று. குச்சியோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். விண்டோஸ் 11-இல் வாய்ஸ் ஆக்சஸ் உள்ளேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டாம். நிரல் எழுதுவதற்கென்றே டாலன் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, கையே படாமல் குரலால் நிரல் எழுதுகிறவர்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், இலவசமாகத் தொடங்கலாம். பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், முதல் வாரம் எரிச்சலாக இருக்கும் என்று என் கட்சிக்காரர் ஒருவர் சொன்னார். அப்புறம், வரியை ஆரம்பித்தால் மீதியைத் தானே நிரப்பித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு, விரல் வேகத்துக்கு இருந்த மதிப்பு நிஜமாகவே குறைந்துவிட்டது.

கேஸ் போடலாமா

போடலாம். போட்டால் என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு வெள்ளைத்தாளில் தமிழிலேயே புகார் எழுதலாம், கோர்ட்டுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சம்மன் அனுப்பி ஆட்களை அழைக்க, ஆவணங்களைக் கேட்க அவருக்கு சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் உண்டு. ஆனால் முடிவில் அவர் தருவது பரிந்துரை. நடவடிக்கை எடுத்து மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். 'இவரை வேலைக்கு எடு' என்று உத்தரவாக வராது. தவிர, இன்று உங்கள் கையில் என்ன சாட்சியம் இருக்கிறது? ஒரு வீடியோ அழைப்பில் கேட்ட ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

அதனால் முதலில் அந்த நிறுவனத்துக்குக் கோபமில்லாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்ன தேதியில் மூன்றாம் சுற்று நடந்தது, அலுவலகம் இரண்டாம் மாடி என்று சொன்னீர்கள், நான் வீட்டிலிருந்து வேலை செய்யத் தயார், முடிவை எழுத்தில் தெரிவியுங்கள், உங்கள் சமவாய்ப்புக் கொள்கையின் நகலும் வேண்டும் என்று. இரண்டு சுற்றில் உங்களைத் தேர்வு செய்தவர் அங்கே ஒருவர் இருக்கிறார், கடிதம் அவர் கண்ணில் பட்டால் கதவு மறுபடி திறக்கவும் வாய்ப்பு உண்டு. பதிலே வராவிட்டாலும், மாடிதான் காரணம் என்று பதில் வந்தாலும், இரண்டுமே நாளைக்குச் சாட்சியம். பதினைந்து நாள் பொறுத்துவிட்டு அப்புறம் புகாரை எழுதுவோம். வேலை தேடும் நேரத்தைத் தின்றுவிடாத அளவுக்கு மட்டும் இதில் இறங்குங்கள், உங்களுக்கு இப்போது வேலை முக்கியம்.

அம்மா சொல்வது

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மத்திய அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு வயது வரம்பில் பத்து வருடத் தளர்வு உண்டு, வங்கிகள் எடுக்கும் ஐடி அதிகாரி பணியிலும் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் கட்டணம் கட்டும் முன் அறிவிப்பில் அந்தப் பணிக்குப் பொருத்தமான ஊன வகை என்று போட்டிருக்கும் பட்டியலைப் படியுங்கள். கால் மட்டும் பாதிக்கப்பட்டவருக்குத் திறந்திருக்கும் பணி, கையும் காலும் பாதிக்கப்பட்டவருக்குத் திறந்திருக்காது, பலர் எழுதித் தேறிய பிறகுதான் இதைப் பார்க்கிறார்கள். பத்து வருடத் தளர்வு இருப்பதால் அவசரப்பட்டு ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடிக்க வேண்டியதில்லை. காலையில் அதற்குப் படியுங்கள், மற்ற நேரம் இதைத் தேடுங்கள்.

ஐடி ஆசை தப்பா என்ற கேள்விக்கு: தப்பே இல்லை. உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆய்க்குடி இருக்கிறது. 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தண்டுவட அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவு அங்கே உண்டு. ஒரு முறையாவது போய்வாருங்கள், நாலு மணி நேரம் உட்காருவது, படுக்கைப்புண், கைப்பட்டை இதற்கெல்லாம் அங்கே இருப்பவர்கள் சொல்லும் யோசனை எந்த வக்கீலும் சொல்ல முடியாதது. சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது, அதிலும் பதிந்துவையுங்கள். சென்னை எபிலிட்டி ஃபவுண்டேஷன் நடத்தும் வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் நிறுவனங்கள் உங்களைப் போன்றவர்களைத் தேடித்தான் வருகின்றன, அங்கே நாற்காலியை விளக்க வேண்டியிருக்காது.

இன்னொரு வழியும் யோசித்துப் பாருங்கள். இணையதளமும் செயலியும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பயன்படும்படி இருக்கின்றனவா என்று சோதிக்கும் வேலை, அணுகல்தன்மைச் சோதனை என்பார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டுக் கண் சிமிட்ட முடியாதவர்கள், கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் வங்கியின் டிஜிட்டல் அடையாளச் சரிபார்ப்பில் (கேஒய்சி) தோற்றுப்போன வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லிவிட்டது. அதே வருடம் ஜூன் 28 முதல் ஐரோப்பாவின் அணுகல்தன்மைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது, அங்கே விற்கும் மென்பொருளை இங்கிருந்து செய்து தரும் நிறுவனங்களில் பல இனி இதைச் சோதித்துத்தான் ஆகவேண்டும். மௌஸைப் பிடிக்காமல் ஒரு படிவத்தை நிரப்ப முடியுமா என்று அவர்கள் தனியாகப் பரிசோதிக்க வேண்டும், நீங்கள் ஏழெட்டு நிமிடத்தில் சொல்லிவிடுவீர்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அறிமுகப் பாடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ஆனால் 'உன்னைப் போன்றவர்களுக்கு இந்த வேலைதான்' என்று யாராவது உங்களை அதிலேயே அடைக்கப் பார்த்தால் சம்மதிக்காதீர்கள். விதைக்கடைக்கு நீங்கள் எழுதியது வேறு வகை வேலை, அதையும் உங்களுக்குச் செய்யத் தெரியும்.

சம்பளம் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 'வீட்டிலிருந்துதானே' என்று பாதிச் சம்பளம் சொன்னால், அதே பணிக்கு மற்றவர்களுக்கு என்ன தருகிறார்கள் என்று கேளுங்கள். தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சேர மாற்றுத்திறனாளி ஊழியருக்குச் சம்பள வரம்பு 25,000 ரூபாய், மற்றவர்களுக்கு 21,000. அதற்கு மேல் சம்பளம் என்றால் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள பாதிப்புகளும் முதல் நாளிலிருந்தே சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு மூன்று வேலை. 1930-க்குப் புகார் இன்றைக்கே. ரெஸ்யூமில் விதைக்கடைக்கு நாலு வரி. அந்த இரண்டாம் மாடி நிறுவனத்துக்கு மின்னஞ்சல். மின்னஞ்சலை மட்டும் அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் போடுங்கள் தம்பி, வார்த்தைகளைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.